நமக்கே பாதகமான மின்னஞ்சலையும் கொடுக்க வேண்டுமா? வணிக வழக்கில் ஆவண வெளிப்படுத்தலின் எல்லை

சாயப்பட்டறை | திங்கள், இரவு 9.20

வணக்கம். திருப்பூரில் பின்னல் துணிக்குச் சாயம் போடும் ஆலை நடத்துகிறேன். ஓர் ஏற்றுமதி நிறுவனம் (பெயர் வேண்டாம்) ஜாப் ஒர்க் கூலியாக 1 கோடியே 12 லட்சம் ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது. ‘ஷேடு மாறிவிட்டது, வெளிநாட்டு பையர் விலையைக் குறைத்துவிட்டார்’ என்று வரிசையாக டெபிட் நோட் (பாக்கியில் இவ்வளவு கழித்துக்கொண்டோம் என்ற சீட்டு) அனுப்பியே பாக்கியைக் கழித்துவிட்டார்கள். வழக்குக்கு முந்தைய சமரசப் பேச்சுக்கு அவர்கள் வரவே இல்லை. இனி வணிக நீதிமன்றம்தான்.

என் வழக்கறிஞர் தனக்கு வேண்டிய ஆவணங்களின் பட்டியலை அனுப்பியிருக்கிறார். இன்வாய்ஸ், டெலிவரி சலான், இ-வே பில், லெட்ஜர் வரை எனக்குச் சம்மதம். அதற்குக் கீழே லேப் பதிவேடு, பேட்ச் கார்டு (ஒவ்வொரு லாட் துணிக்கும் சாயம் போட்ட விவரம் எழுதும் அட்டை), ஆலைக்குள் நடந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப் குழு என்று நீள்கிறது. ‘நமக்குப் பாதகமாக இருந்தாலும்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்.

பாதகமானது ஒன்று இருக்கிறது. எங்கள் லேப் பொறுப்பாளர் எனக்கு எழுதியது: ‘நேவி புளூ இரண்டு லாட்டிலும் ஷேடு ஒத்து வரவில்லை. இப்படியே அனுப்பினால் திரும்பி வரும்.’ எதிராளிக்கு இது தெரியாது. பணம் வர வேண்டியவன் நான். என் கையாலேயே என் கண்ணைக் குத்திக்கொள்ள வேண்டுமா?

நூல்மண்டி | திங்கள், இரவு 9.48

கொடுக்காதீர்கள் அண்ணா. நானும் கோர்ட் படி ஏறியவன்தான். தன் வழக்குக்கு ஆகாத காகிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தவனை நான் பார்த்ததில்லை. அவனுக்கு வேண்டுமென்றால் மனுப் போட்டுக் கேட்கட்டும். கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கோர்ட் வராண்டா | திங்கள், இரவு 10.35

நூல்மண்டி சொல்வது சாதாரண உரிமையியல் வழக்குக்குப் பொருந்தும். அங்கே நீங்கள் நம்பியிருக்கும் ஆவணத்தைத் தாக்கல் செய்தால் போதும். மற்றதை எதிராளி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 11, விதி 12, விதி 14 என்று இடைமனுப் போட்டுப் பிடுங்க வேண்டும். அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

வணிக வழக்கில் கதை வேறு. 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் இந்த வழக்குகளுக்கு மட்டும் கட்டளை 11-ஐ முழுதாக எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துவிட்டது. அதன் முதல் விதியே வழக்குரையோடு கூடவே ஆவணங்களைக் கேட்கிறது. நீங்கள் நம்பியிருப்பவை மட்டும் போதாது. வழக்கில் பிரச்சினையாக இருக்கும் எந்த விஷயத்தைப் பற்றியதானாலும், உங்கள் அதிகாரத்திலோ கைவசத்திலோ கட்டுப்பாட்டிலோ பாதுகாப்பிலோ இருந்தால், அது உங்களுக்குச் சாதகமா பாதகமா என்று பாராமல் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் வழக்கறிஞர் தடித்த எழுத்தில் போட்டது அவருடைய பயத்தினால் அல்ல. சட்டத்தின் வாசகமே அதுதான்.

இதோடு முடியவில்லை. ‘என்னிடமிருந்த எல்லா ஆவணத்தையும் கொடுத்துவிட்டேன், வேறு எதுவும் இல்லை’ என்று நீங்கள் பிரமாணத்தின் பேரில் உறுதி கூற வேண்டும். கையெழுத்து உங்களுடையது, வழக்கறிஞருடையது அல்ல. அந்த மின்னஞ்சலை வைத்துக்கொண்டு அதில் கையெழுத்துப் போடுவது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

ஒவ்வோர் ஆவணமும் அசலா, அலுவலக நகலா, ஒளிநகலா, யாருக்கும் யாருக்கும் இடையிலானது, எப்படி வந்தது, யார் கைமாறி யாரிடம் இருந்தது என்பதையும் பட்டியலில் காட்ட வேண்டும். இந்தப் பகுதியைத்தான் பலர் குமாஸ்தாவிடம் தள்ளிவிடுகிறார்கள். பிறகு குறுக்கு விசாரணையில் விழிப்பார்கள்.

நூல்மண்டி | திங்கள், இரவு 10.51

மேடம், இது ஆயிரம் கோடி கம்பெனிகளுக்கு எழுதிய சட்டம். சாயப்பட்டறைக்கும் மண்டிக்கடைக்கும் இதையே வைத்தால் எப்படி?

கோர்ட் வராண்டா | திங்கள், இரவு 10.58

முதலில் அப்படித்தான் இருந்தது. வழக்கின் மதிப்பு குறைந்தது 1 கோடி என்று வைத்தார்கள். 2018இல் அதை 3 லட்சமாக இறக்கிவிட்டார்கள். 3 லட்சம் ரூபாய் நூல் பாக்கிக்கு வழக்குப் போட்டாலும் இதே பட்டியல், இதே பிரமாணம். இது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றுதான் நான் சொல்வேன். லண்டன் வணிக வழக்குக்கு நெய்த சட்டையைச் சின்ன வியாபாரிக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஆனால் நீதிபதி முன்னால் நின்று ‘நாங்கள் சிறியவர்கள்’ என்று சொல்லித் தப்பிக்க இடமில்லை.

ஜூனியர் | செவ்வாய், காலை 7.15

சீனியர் சொன்னதோடு ஒரு தீர்ப்பைச் சேர்க்கிறேன். சுதிர்குமார் எதிர் வினய்குமார், உச்ச நீதிமன்றம், செப்டம்பர் 2021. வழக்குப் போடும்போது கையில் இருந்த ஆவணத்தைப் பிறகு கொண்டுவந்தால், ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்பதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். அப்போது கையிலேயே இல்லாத ஆவணம் என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. ‘இன்வாய்ஸ்கள் ஏராளம், அதனால் சேர்க்க முடியவில்லை’ என்பதெல்லாம் அங்கே எடுபடவில்லை. அவசர வழக்கென்றால் கூடுதல் ஆவணத்துக்கு அனுமதி கேட்டு 30 நாளுக்குள் தாக்கல் செய்யச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பதுதான் பதில்.

ஆகவே சாதகமானதையும் ‘சரியான நேரத்தில் எடுத்து வீசலாம்’ என்று பெட்டியில் வைக்க முடியாது. எதிராளியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய மட்டும் பயன்படுவது, எதிராளி பிற்பாடு கிளப்பும் புது வாதத்துக்குப் பதிலாக அமைவது, சாட்சி நினைவுபடுத்திக்கொள்வதற்காகக் கையில் கொடுப்பது ஆகியவற்றுக்குத்தான் விலக்கு.

சாயப்பட்டறை | செவ்வாய், காலை 8.05

குறுக்கு விசாரணைக்கு மட்டும் என்று சொல்லி அந்த மின்னஞ்சலை ஒதுக்கிவிட முடியாதா?

ஜூனியர் | செவ்வாய், காலை 8.11

அது எதிராளியின் சாட்சியைக் கேள்வி கேட்க நீங்கள் வைத்திருக்கும் ஆவணத்துக்கான விலக்கு ஐயா. உங்களையே கேள்வி கேட்க உதவும் ஆவணத்துக்கு அல்ல.

புக்கித் தீமா | செவ்வாய், காலை 10.40

சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் இருக்கிறேன். இந்த எல்லைத் தகராறு பழையது. 1882இல் லண்டனில் பெருவியன் குவானோ என்ற நிறுவனத்தின் மேல் ஒரு வழக்கு. குவானோ என்பது உரமாக விற்கப்பட்ட கடற்பறவை எச்சம். அந்த வழக்கில்தான் நீதிபதி பிரெட், ஒரு காகிதம் நேரடிச் சாட்சியமாக இல்லாவிட்டாலும், வேறு தகவலைத் தேடிப் போக எதிராளிக்கு வழி காட்டக்கூடியதாக இருந்தாலே அதை வெளிப்படுத்த வேண்டும் என்றார். நூறு ஆண்டுக்கு மேல் இங்கிலாந்தும் அதன் சட்டத்தைப் பின்பற்றிய நாடுகளும் அந்த அளவுகோலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன. ஜெராக்ஸ் இயந்திரமும் மின்னஞ்சலும் வந்த பிறகு அது லாரி லாரியாகக் காகிதத்தை இறக்கியது.

இங்கிலாந்து 1999இல் அதைச் சுருக்கியது. பிறகு 2019இல் சோதனை முறையாகவும் 2022 அக்டோபரில் நிரந்தரமாகவும் இன்னொரு திட்டம் வந்தது. அதில் ஏ முதல் இ வரை ஐந்து மாதிரிகள். ஏ என்றால் தனக்குத் தெரிந்த பாதகமான ஆவணம் மட்டும். இ என்றால் பழைய குவானோ அளவுக்கு அகலமான தேடல். அது அபூர்வமாகத்தான் கிடைக்கும். எந்தப் பிரச்சினைக்கு எந்த மாதிரி என்று முதலிலேயே பேசித் தீர்க்க வேண்டும்.

சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் (நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரல் 1) இன்னும் கறார். வேறு ஆவணத்துக்கு வழி காட்டுவது என்பதற்காக மட்டும் ஒன்றைக் கேட்க முடியாது. நிறுவனத்துக்குள் நடந்த கடிதப் போக்குவரத்தையும் பொதுவாகக் கேட்க முடியாது. சாயப்பட்டறை அண்ணன் இதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். அந்த உள்கடிதம் உங்களுக்கே தெரிந்த பாதகமான ஆவணம் என்றால் விலக்கு கிடையாது. நீங்கள் சிங்கப்பூரில் வழக்குப் போட்டிருந்தாலும் அந்த நேவி புளூ மின்னஞ்சல் வெளியே வந்துதான் தீரும். அளவைக் குறைத்த நாடுகளும் கைவைக்காத இடம் இதுதான்.

பழைய கணக்கப்பிள்ளை | செவ்வாய், மதியம் 1.30

எல்லாரும் நீங்கள் கொடுக்க வேண்டியதையே பேசுகிறீர்கள். வாங்க வேண்டியதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே!

தம்பி, ‘பையர் விலையைக் குறைத்துவிட்டார்’ என்பதுதானே அவர்கள் கட்சி? ஏற்றுமதியாளரின் கணக்கைப் பார்த்தவன் சொல்கிறேன். பையர் பணம் அனுப்பினால் அது வங்கி வழியாகத்தான் வரும். எந்த ஷிப்பிங் பில்லுக்கு எவ்வளவு டாலர் வந்தது என்று வங்கி வரவுச் சான்று (இ-பிஆர்சி) இருக்கும். இன்வாய்ஸ் 80,000 டாலர், வரவும் 80,000 டாலர் என்றால் உன் தலையில் கட்டிய டெபிட் நோட் எங்கிருந்து முளைத்தது? உண்மையிலேயே குறைத்திருந்தால் பையர் அனுப்பிய மின்னஞ்சல் இருக்கும், ஏற்றுமதிக்கு முன் நடந்த இறுதிச் சோதனை அறிக்கை இருக்கும், வங்கிக்கு அவர்கள் எழுதிக்கொடுத்த விளக்கம் இருக்கும். இவை எல்லாம் அவர்கள் பீரோவில் தூங்குகின்றன. அதை எப்படி வாங்குவது என்று மேடத்திடம் கேள்.

சாயப்பட்டறை | செவ்வாய், மதியம் 2.10

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் அனுப்பிய டெபிட் நோட்டுகளை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். ஒன்பதில் ஏழில் ஷிப்மென்ட் எண்ணே போடவில்லை. ‘ஷேடு வேறுபாட்டுக்காக’ என்று ஒரே வரி.

கோர்ட் வராண்டா | செவ்வாய், இரவு 9.15

கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன இடத்தில்தான் இந்த வழக்கின் உயிர் இருக்கிறது.

அதே விதி 1-இன் ஆறாம் உட்பிரிவு: எதிராளியிடம் இருப்பதாக நீங்கள் நம்பும் ஆவணங்களை வழக்குரையிலேயே விவரமாகக் குறித்து, அவற்றை அவர் தாக்கல் செய்ய அனுமதி கேட்க வேண்டும். ‘பிரதிவாதியிடம் உள்ள அனைத்து ஆவணங்களும்’ என்று எழுதினால் நீதிபதி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். எப்படி எழுத வேண்டும் என்றால்: இந்தத் தேதியிட்ட, இந்த எண்ணுள்ள டெபிட் நோட்டுக்கு அடிப்படையாகப் பையர் அனுப்பிய விலைக் குறைப்புக் கடிதம், அந்த ஷிப்மென்ட்டின் இறுதிச் சோதனை அறிக்கை, அதற்குரிய வங்கி வரவுச் சான்று. ஒன்பது டெபிட் நோட்டுக்கும் ஒன்பது வரிசை. ஷிப்மென்ட் எண் இல்லாத ஏழுக்கு, எந்த ஷிப்மென்ட் என்பதை வினாப்பட்டியல் கொடுத்துக் கேளுங்கள். அதற்கு விதி 2 இருக்கிறது.

அவர்களும் எதிர்வழக்குரையோடு தங்களிடம் உள்ளதைச் சாதக பாதகம் பாராமல் கொடுக்க வேண்டும், அதே பிரமாணம் செய்ய வேண்டும். எதிர்வழக்குரை வந்து 30 நாளுக்குள் இரு தரப்பும் ஆவணங்களைப் பார்வையிட்டு முடிக்க வேண்டும். நீதிமன்றம் இன்னும் 30 நாள் வரை நீட்டலாம். கொடுக்காவிட்டால் விதி 5இன் கீழ் தாக்கல் செய்யச் சொல்லும் அறிவிப்பு; அதற்கு 7 நாளுக்குக் குறையாமலும் 15 நாளுக்கு மேற்படாமலும் அவகாசம். அதன் பிறகும் தக்க காரணம் இல்லாமல் மறைத்தால் நீதிமன்றம் எதிர்மறை அனுமானம் (அந்த ஆவணம் மறைத்தவருக்குப் பாதகமானது என்று எடுத்துக்கொள்வது) செய்யலாம், செலவுத்தொகையும் விதிக்கலாம். பையர் முழுப் பணமும் கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வதற்கு அதுவே போதும்.

இப்போது நூல்மண்டிக்கு. உங்கள் யோசனைப்படி நாம் ஒரு மின்னஞ்சலை ஒளித்து வைத்துவிட்டு, எதிராளி ஒளிக்கிறார் என்று நீதிபதியிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது? வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ மறைத்தவர் மேல் பாடம் புகட்டும் கடுமையான செலவுத்தொகை விதிக்கும் அதிகாரம் இரு பக்கமும் வெட்டும்.

நூல்மண்டி | செவ்வாய், இரவு 9.40

சட்டப்படி சரி மேடம், மறுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று எதிராளிக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒன்றுக்கு எவன் செலவு விதிப்பான்?

சாயப்பட்டறை | செவ்வாய், இரவு 10.02

ஒரு விஷயத்தை முதலில் எழுதவில்லை. அந்த லேப் பொறுப்பாளர் இப்போது எங்களிடம் இல்லை. வேறொரு சாயப்பட்டறைக்குப் போய்விட்டார். அந்தப் பட்டறைக்கு இப்போது ஆர்டர் கொடுப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? இதே பிரதிவாதிதான்.

நூல்மண்டி | செவ்வாய், இரவு 10.04

போச்சு! கொடுத்துவிடுங்கள் அண்ணா.

சர்வர் அறை | புதன், காலை 6.50

மூன்று அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் சர்வர் பார்க்கிறவன். சட்டம் தெரியாது. இயந்திரம் எதை மறக்கும், எதை மறக்காது என்பது தெரியும்.

இன்றே செய்ய வேண்டியது: அந்த வாட்ஸ்அப் குழுவில் தானாக மறையும் செய்தி வசதி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். யாரும் போனை மாற்ற வேண்டாம், குழுவை விட்டு விலக வேண்டாம். வேலையை விட்டுப் போனவர்களின் மின்னஞ்சல் கணக்கை ‘லைசென்ஸ் செலவு மிச்சம்’ என்று கணினிக்காரர் மூடியிருக்கிறாரா என்று பாருங்கள். சில சேவைகளில் மூடிய கொஞ்ச நாளில் எல்லாம் அழிந்துபோகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். குழுவின் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து ஒரு பிரதி, போனை அப்படியே ஒரு பிரதி.

அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் சுபுலேக் எதிர் யுபிஎஸ் என்ற வழக்கு இருக்கிறது. ஒரு பெண் ஊழியர் தன் வங்கிமேல் போட்டது. முக்கியமான மின்னஞ்சல்கள் அழிந்துபோயின. பழைய பேக்கப் டேப்புகளைத் தோண்ட வேண்டியிருந்தது. எதிர்மறை அனுமானம் செய்துகொள்ளலாம் என்று நீதிபதி ஜூரியிடம் சொன்னார். 2005இல் ஜூரி விதித்தது சுமார் 2.9 கோடி டாலர்.

ஜூனியர் | புதன், காலை 8.30

நம் ஊரில் அது குற்ற வழக்காகவும் போகும். நீதிமன்றத்தில் சாட்சியமாக வருவதைத் தடுக்க ஓர் ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ அழிப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 241இன் கீழ் குற்றம்.

மின்னணு ஆவணத்துக்கு இன்னும் இரண்டு சடங்கு இருக்கின்றன. கட்டளை 11, விதி 6இன்படி எந்தக் கணினி, யாருடைய மின்னஞ்சல் முகவரி, எப்போது தயாரானது, யார் அச்செடுத்தது என்று பிரமாணம். அதோடு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 63இன் கீழ் சான்றிதழ். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் இது வந்திருக்கிறது. இப்போது இரண்டு பகுதி: ஒன்றில் நீங்கள், மற்றொன்றில் நிபுணர். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பின் கைரேகை போன்ற குறியீட்டு எண்) எழுத வேண்டும். வாட்ஸ்அப் அச்சுப்பிரதியை மட்டும் இணைத்துவிட்டுச் சான்றிதழை மறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சீனியரிடம் ஒரு சந்தேகம். எல்லையை எங்கே நிறுத்துவது? எம்.எல்.சேத்தி எதிர் ஆர்.பி.கபூர் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம், கேட்கப்படும் ஆவணம் சாட்சியமாக ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டியதில்லை, வழக்கின் பிரச்சினைமேல் வெளிச்சம் பாய்ச்சினால் போதும் என்றது. அந்தக் கணக்கில் பார்த்தால் மூன்று ஆண்டு வாட்ஸ்அப் குழு முழுவதும் உள்ளே வந்துவிடும் அல்லவா? அதில் டீ வாங்கி வரச் சொன்னதும் இருக்குமே.

கோர்ட் வராண்டா | புதன், இரவு 8.45

நல்ல கேள்வி. இந்த இழையில் எல்லாரும் ஆவணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எல்லை ஆவணத்தில் இல்லை, வழக்குரையில் இருக்கிறது.

விதி சொல்வது ‘பிரச்சினையில் உள்ள விஷயம்’. எது பிரச்சினையில் இருக்கிறது என்பதை முதலில் எழுதுகிறவர் நீங்கள்தான். சாயப்பட்டறை ஐயா வழக்குரையில் ‘எங்கள் ஆலையின் சாயத்தில் இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை’ என்று ஒரு வீர வசனம் எழுதினால் என்ன ஆகும்? இதுவரை என்றால் எதுவரை? எல்லா வாடிக்கையாளர், எல்லா லாட், ஆலை தொடங்கிய நாளிலிருந்து வந்த புகார்கள் அத்தனையும் பிரச்சினைக்குள் வந்துவிடும். லேப் பதிவேடு மூட்டையாக ஏற வேண்டியதுதான். அதற்குப் பதிலாக ‘இந்த 23 இன்வாய்ஸ், இந்த லாட் எண்கள், பிரதிவாதியின் மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிக்கும் ஊழியர்) ஷேடு ஒப்புதல் தந்த பிறகே துணி அனுப்பப்பட்டது’ என்று எழுதினால், அந்த லாட்டுகளின் லேப் டிப் (லேபில் போட்ட மாதிரிச் சாயத்துண்டு), பேட்ச் கார்டு, ஒப்புதல், அவை பற்றிய மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும். அவ்வளவுதான். குழுவில் லாட் எண், வண்ணப் பெயர், பிரதிவாதியின் பெயர் ஆகியவற்றைப் போட்டுத் தேடி, வந்ததை அந்தந்த நாள் உரையாடலோடு சேர்த்துக் கொடுங்கள். எப்படித் தேடினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் வையுங்கள். டீ வெளியே நிற்கும்.

சேத்தி தீர்ப்பு பழைய விதி 12இன் கீழ் வந்தது. இன்றும் வாதத்தில் வரும், எதிராளி நிச்சயம் எடுத்துக் காட்டுவார். ஆனால் அதுவும் ‘பிரச்சினைமேல் வெளிச்சம்’ என்றுதான் சொல்கிறது. பிரச்சினை குறுகினால் வெளிச்சம் விழும் இடமும் குறுகும்.

காஸ்டிங் ஷீட்டை (உங்கள் அடக்க விலைக் கணக்கை)ப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். பேசிய கூலியை மட்டும் கேட்டால் உங்கள் லாப விகிதம் யாருக்கும் தேவையில்லை. ‘இந்த டெபிட் நோட்டுகளால் எங்கள் லாபம் போயிற்று, அதற்கும் இழப்பீடு வேண்டும்’ என்று ஒரு பத்தி சேர்த்தால் காஸ்டிங் ஷீட்டை எதிராளியின் மேசையில் வைக்க வேண்டும். அதே எதிராளிதான் உங்கள் போட்டியாளருக்கு ஆர்டர் கொடுக்கிறார் என்று நேற்று எழுதினீர்கள். அந்தப் பத்திக்கு எவ்வளவு விலை என்று நீங்களே கணக்குப் போடுங்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தில் இத்தகைய ஆவணத்தைக் குறிப்பிட்ட சிலர் மட்டும் பார்க்கும்படி ரகசியக் குழு அமைக்க 2018 விதிகளிலேயே இடமிருக்கிறது. மற்ற நீதிமன்றங்களில் அதைக் கேட்டுப் போராடித்தான் வாங்க வேண்டும்.

சரி, அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு அந்த இரண்டு லாட்டுக்கும் என்ன நடந்தது? அதை ஏன் யாரும் கேட்கவில்லை?

சாயப்பட்டறை | புதன், இரவு 11.20

இன்று சாயங்காலம் முழுக்க பேட்ச் கார்டுக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு லாட்டின் கார்டில் சிவப்பு மையில் ‘மறு சாயம்’ என்று எழுதி, மெஷின் எண், நேரம், போட்ட சாயத்தின் அளவு எல்லாம் இருக்கின்றன. பின்பக்கம் துணித்துண்டு பின் அடித்திருக்கிறது. அதன்மேல் அவர்களுடைய மெர்ச்சண்டைசர் ‘ஓகே’ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டிருக்கிறார். மின்னஞ்சல் தேதிக்கு இரண்டு நாள் கழித்து.

இன்னொரு லாட்டின் கார்டில் ஒன்றுமில்லை. அது அப்படியே போயிருக்க வேண்டும். அதன் கூலி 4 லட்சத்துச் சொச்சம்.

கோர்ட் வராண்டா | வியாழன், காலை 7.05

அந்தத் துணித்துண்டை யாரும் கழற்ற வேண்டாம். பின்னையும் கழற்ற வேண்டாம். அசல் கார்டை உறையில் போட்டு வையுங்கள்.

பாதகமான மின்னஞ்சல் இல்லாமல் இந்தக் கார்டுக்கு அர்த்தமில்லை என்பதைக் கவனித்தீர்களா? ‘குறை தெரிந்தது, மறு சாயம் போட்டோம், உங்கள் ஆளே பார்த்துக் கையெழுத்துப் போட்டார்’ என்று சொல்ல முதல் வரி அந்த மின்னஞ்சல்தான். இரண்டாவது லாட்டைப் பொறுத்தவரை என் கருத்தை உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிப் பாருங்கள்: அதன் கூலியைக் கோரிக்கையிலிருந்து கழித்துவிட்டு, ஏன் கழித்தோம் என்று ஒரு பத்தி எழுதலாம். 1 கோடியே 8 லட்சத்துக்கு வழக்கு நிற்கும்.

நூல்மண்டி | வியாழன், காலை 7.30

4 லட்சத்தை முதல் நாளே விட்டுக்கொடுப்பதா? சமரசம் பேசும்போது விட்டுக்கொடுக்க ஏதாவது கையில் வேண்டாமா மேடம்? எனக்கு இது ஒப்பவில்லை.

புக்கித் தீமா | வியாழன், காலை 9.10

இந்த ஒன்றில் நூல்மண்டி பக்கம் நான். ஆவணத்தைக் கொடுப்பது கடமை. கோரிக்கையைக் குறைப்பது உத்தி. இரண்டும் ஒன்றல்ல. மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, அந்த லாட்டின் துணியை அவர்கள் திருப்பி அனுப்பாமல் வெட்டித் தைத்து ஏற்றுமதியும் செய்துவிட்டார்கள், பையரும் பணம் கொடுத்துவிட்டார் என்று வாதாட இடமிருக்கிறது. வங்கி வரவுச் சான்று வரட்டும், பார்த்துக்கொண்டு முடிவு செய்யலாம்.

கோர்ட் வராண்டா | வியாழன், காலை 9.32

வாதாடலாம். நீதிபதி மின்னஞ்சலைப் படித்த பிறகு அந்த 4 லட்சத்துக்காக மற்ற 108 லட்சத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பாரா என்பதுதான் என் கவலை. இது அவரவர் கணிப்பு, ஐயாவின் வழக்கறிஞர் முடிவு செய்யட்டும்.

சாயப்பட்டறை | வியாழன், மதியம் 12.45

வழக்கறிஞரிடம் பேசிவிட்டேன். மின்னஞ்சல் போகிறது, இரண்டு பேட்ச் கார்டும் போகின்றன. லாபப் பத்தியை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். 4 லட்சத்தை மட்டும் நான் இன்னும் விடவில்லை.

கடைசியாக ஒன்று. இந்தப் பாக்கியைப் பற்றி என் ஆடிட்டர், என் வழக்கறிஞர், எங்கள் ஆலையில் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அலுவலர் மூவருக்கும் எழுதியிருக்கிறேன். சமரசப் பேச்சுக்காக ஒரு தொகையும் எழுதிக் கொடுத்திருந்தேன். அவையும் பட்டியலில் வருமா?

பழைய கணக்கப்பிள்ளை | வியாழன், மதியம் 1.15

ஆடிட்டருக்கு எழுதியது வரும் தம்பி. எங்களிடம் சொன்னதைக் காக்கும் சட்டம் இல்லை. அதனால்தான் நான் என் கட்சிக்காரர்களிடம் ‘வழக்கு விஷயத்தை எனக்கு மின்னஞ்சலில் கொட்டாதே, நேரில் வா’ என்று சொல்வேன்.

கோர்ட் வராண்டா | வியாழன், இரவு 8.20

வழக்கறிஞருக்கு எழுதியதைத் தொடத் தேவையில்லை. பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 132 அதைக் காக்கிறது. சமரசத்துக்கு எழுதிய தொகையும் வெளியே வராது. 2018ஆம் ஆண்டு முன்-வழக்குச் சமரச விதிகள் அதை ரகசியம் என்கின்றன. சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அலுவலர்தான் சிக்கல். அவர் வழக்கறிஞராகத் தொழில் செய்பவர் அல்லர் என்பதால் அந்தப் பிரிவின் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது என்று 2025 அக்டோபர் கடைசியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருக்கு எழுதியதில் இந்த லாட்டுகளைப் பற்றி ஏதாவது இருந்தால் இன்றே உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வழக்குரையில் கையெழுத்துப் போட்ட பிறகு காட்ட வேண்டாம்.

சாயப்பட்டறை | வியாழன், இரவு 8.41

அவருக்கு எழுதியதில் அந்த இரண்டாவது லாட் இருக்கிறது. 4 லட்சத்தையும் கழித்துவிடச் சொல்கிறேன்.